உப்புக் கணக்கும் வட்டிக் கணக்கும்

சுற்றுச்சூழல் அறிவியலும் வேண்டும், வணிகமும் வேண்டும் என்று நினைக்கிற மாணவர்கள் வணிகத் துறையிலிருந்து முதலில் எடுக்க வேண்டிய பேப்பர் நிதிக் கணக்கியல். அடுத்தது அடக்கவிலைக் கணக்கியல். 'பசுமை மேலாண்மை', 'நிலைத்த வளர்ச்சியும் தொழிலும்' என்று பெயரிலேயே இரண்டையும் கட்டிவைத்திருக்கிற பேப்பர்கள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். இடமில்லாவிட்டால் வராமலே போகட்டும். வணிகவியல் படிக்கிறவர்களுக்கும் இதையே திருப்பிச் சொல்வேன்: ஆய்வகத்தில் கை நனைய ஏதாவது ஒரு பேப்பர், கூடவே புள்ளியியல், அதன்பிறகு மற்றவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் வேலை. நான் படித்தது வேதியியல், பிறகு சுற்றுச்சூழல் அறிவியல். பிழைப்பு திருப்பூர் வட்டாரத்தில். சாயத்தொழிலின் கழிவுநீர்த் தரவுகளையும் ஏற்றுமதி நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்கியலை வேலைக்கு வந்தபிறகு மாலை வேளைகளில் படித்துக்கொண்டேன். நான் படித்த காலத்தில் வேதியியல் மாணவிக்கு அந்தக் கதவே கிடையாது. இன்றைக்கு இருக்கிறது, சின்னதாக, ஆனாலும் இருக்கிறது. ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் சொந்தக்காரப் பிள்ளைகள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் என்று பேப்பர் பட்டியலைப் படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

முதலில் அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். மொழிப்பாடங்கள், மேஜர், அலைடு போக, பகுதி நான்கில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. அங்கே சுற்றுச்சூழல் கல்வி எல்லோருக்கும் கட்டாயம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து வந்த பாடம் அது. பி.காம். மாணவரும் படிக்கிறார், பி.ஏ. வரலாறு மாணவியும் படிக்கிறார். பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய இரவில் படிக்கிறார்கள். அதோடு வேறு துறையிலிருந்து எடுக்கிற விருப்பப் பாடம், அதாவது 'நான் மேஜர் எலெக்டிவ்' (Non-Major Elective), இரண்டு, தலா 2 கிரெடிட். அதுவும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்து, கல்லூரியிலும் பகுதி ஒன்றில் தமிழையே எடுத்தவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ வந்துவிடும். ஆக, 140-ல் 4. துறை தாண்டிப் போக உரிமையோடு கிடைக்கிற இடம் இவ்வளவுதான். மீதியை அலைடு பேப்பரிலும் துறை எலெக்டிவிலும், ஸ்வயம், என்.பி.டி.இ.எல். போன்ற இணையப் படிப்புகளிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

பொறியியல் பக்கம் கதவு கொஞ்சம் பெரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மைனர் பட்டம் வந்தது. கூடுதலாக 18 கிரெடிட், ஒரே பிரிவிலிருந்து. அந்தப் பிரிவுகளில் 'சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்' உண்டு, 'தொழில்முனைவு' உண்டு, 'நிதித் தொழில்நுட்பமும் பிளாக்செயினும்' உண்டு, 'வணிகத் தரவுப் பகுப்பாய்வு' உண்டு. சிவில், கெமிக்கல் படிக்கிறவர்கள் பழக்க தோஷத்தில் சுற்றுச்சூழல் பிரிவையே டிக் செய்கிறார்கள். உங்கள் மேஜரிலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வந்துவிடுகிறது. மைனரில் பணப் பக்கம் போங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

இவ்வளவு குறுகலான இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் திருப்பூர். வேறெந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்த ஊர்தான் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீருக்குள் பருத்தி இழைக்கும் எதிர்மின் தன்மை, சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை இழைப் பக்கம் அனுப்புகிறது. வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும், கருப்பு, நேவி நீலம் மாதிரி அடர் நிறங்களுக்கு நிறையவும் போட வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைப் பிரிக்க வழி உண்டு, சி.ஓ.டி. எனும் வேதி ஆக்ஸிஜன் தேவையைக் குறைக்கவும் வழி உண்டு. ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்கும் மசியாது, பாக்டீரியாவுக்கும் மசியாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் இருக்கிற கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்பது விதி. சாயப்பட்டறைக் கழிவு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலுக்குக் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே, 1992-ல் கட்டி முடித்த அணை ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காகக் கட்டியது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்தப் பாசன நிலக்காரர்கள், வழக்குப் போட்டார்கள். ஆற்றை மாசுபடுத்துவதை நிறுத்தச் சொல்லி 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2011 ஜனவரி இறுதியில், உத்தரவு நிறைவேறவில்லை என்று 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். ஊர் ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறியவர்கள் மட்டும் மெல்ல மெல்லத் திறந்தார்கள்.

அந்த முறையில் அறிவியல் பெரிய மர்மமில்லை. உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டல், பிறகு எதிர்ச்சவ்வூடு பரவல், ஊர் வழக்கில் ஆர்.ஓ. நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும், உப்பு செறிந்த ரிஜெக்ட் மறுபக்கம் வரும். அந்த ரிஜெக்டைப் பல அடுக்கு ஆவியாக்கிகளில் நீராவி கொடுத்துச் சுண்டவைத்து, கடைசியில் உப்பைப் படிகமாக எடுப்பார்கள். சோடியம் சல்பேட் திரும்பவும் சாயத்தொட்டிக்குப் போகும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும். எம்.எஸ்சி. மாணவர் யாரைக் கேட்டாலும் இந்தப் படத்தை வரைந்து காட்டிவிடுவார்.

எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை முதலாளி இருக்கிறார். ஆலை விரிவாக்கத்துக்கு வந்த திட்ட அறிக்கையை என்னிடம் நீட்டி அவர் கேட்டது இது: "இந்த மிஷினு தண்ணிய சுத்தம் பண்ணுமானு நான் கேக்கல கண்ணு, அது பண்ணும். போட்ட காசு எப்பத் திரும்பும், கிலோவுக்கு நான் எத்தன ரூவா ஏத்துனா கட்டும், அதச் சொல்லு." அறிக்கை எழுதியவர் சுற்றுச்சூழல் பொறியாளர். எண்பது பக்கத்தில் வேதியியல் அத்தனையும் சரி. கடைசியில் விலைப் பட்டியல் ஒன்று, அவ்வளவுதான்.

முதலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆவியாக்கி மூலதனச் செலவு. அதற்கு எரிக்கிற விறகு நடப்புச் செலவு. ஆர்.ஓ. சவ்வு சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது? தேய்மானம் எந்த விகிதத்தில் போடுவது? வங்கி வட்டி என்ன? மீட்டெடுத்த தண்ணீருக்கும் உப்புக்கும் வரவு எழுதலாம், எந்த விலையில் எழுதுவது? கருப்பு நிறத்துக்கு அதிக உப்பு போகிறது என்றால், சுத்திகரிப்புச் செலவை எல்லா நிறத்துக்கும் சமமாகப் பிரித்தால் வெள்ளைத் துணி வாங்குகிறவர் கருப்புத் துணிக்காரரின் செலவைச் சுமக்கிறார். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இது சுத்தமான அடக்கவிலைக் கணக்கியல். ஆனால் நிறத்துக்கு நிறம் உப்பின் அளவு மாறும் என்ற வேதியியல் தெரியாத கணக்காளருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. வேதியியல் தெரிந்தவருக்கோ செலவைப் பிரிக்கத் தெரியாது.

உள்ளே போன உப்பு எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, இடையில் எங்கே தங்கியது என்று எழுதுவதை நாங்கள் பொருண்மைச் சமன்பாடு என்போம். பற்று வரவு எழுதுகிறவர் பணத்துக்குச் செய்வதும் அதே வேலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிற முறைக்கு ஒரு தரநிலையே இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 14051, 2011-ல் வந்தது, பொருளோட்ட அடக்கவிலைக் கணக்கியல். கழிவாகப் போகிற ஒவ்வொரு கிலோவுக்கும், அதை வாங்கிய விலை, அதற்குச் செலவான மின்சாரம், கூலி எல்லாவற்றையும் ஏற்றிக் காட்டச் சொல்கிறது. கழிவின் விலை என்று நாம் நினைப்பது அதை அப்புறப்படுத்தும் செலவை மட்டும். கழிவைத் தயாரிக்கவே எவ்வளவு செலவழித்தோம் என்று முதல்முறை பார்க்கும்போது முதலாளிகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சுற்றுச்சூழல் பிரசங்கமும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில்லை.

தேய்மானம் என்றதும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு நான் காற்றாலைக் கதையைச் சொல்வேன். கொங்குப் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றுக்கு முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் சொந்தக் காற்றாலைகள் உண்டு. அவை நட்டதற்குக் காற்று ஒரு காரணம். வருமான வரிச் சட்டம் இன்னொரு காரணம். காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக, வரி போடும் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. நல்ல லாபம் பார்த்த வருடத்தில் காற்றாலை நட்டால் வரி வெகுவாகக் குறையும். 2012 மார்ச் இறுதியோடு அந்தச் சலுகை நின்றது. உற்பத்திக்கான ஊக்கத்தொகையும் அதே நேரத்தில் நின்றது. 2011-12-ல் நாட்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நட்டவர்கள் அடுத்த ஆண்டில் சுமார் 1,700 மெகாவாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 2014-ல் சலுகை திரும்ப வந்தது, 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. முப்பந்தல் இருக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்போதும்போல வீசிக்கொண்டுதான் இருந்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பேப்பரில் விசிறியின் திறன் சமன்பாட்டைப் படித்த மாணவர், இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேட வேண்டிய இடம் வரிச் சட்டம் என்று எப்படி அறிவார்?

வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பார்வையில் சுற்றுச்சூழல் மாணவர்கள் வணிகத்திலிருந்து கற்க வேண்டியவற்றில் மிகக் கனமானது இதுதான். முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகிற 100 ரூபாய் இழப்புக்கு இன்றைய மதிப்பு என்ன? ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக் கணக்கில் பின்னோக்கித் தள்ளினால் 6 ரூபாய்கூட வராது. 3 சதவீதத்தில் தள்ளினால் 41 ரூபாய் வரும். இழப்பு அதே இழப்பு. சதுப்புநிலம் ஒன்றைக் காப்பாற்றலாமா, நிரப்பிவிட்டுக் கட்டடம் கட்டலாமா என்ற அறிக்கைகளில் முடிவு பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கு இன்றே எவ்வளவு செலவழிக்கலாம் என்பதில் பொருளியலாளர்கள் நிக்கலஸ் ஸ்டெர்னும் வில்லியம் நார்ட்ஹவுஸும் மாறுபட்டதற்கு முக்கியக் காரணம் இந்தத் தள்ளுபடி விகிதம். பறவைகளின் பெயர் அத்தனையும் தெரிந்த ஒருவர் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எந்த விகிதத்தில் தள்ளினீர்கள், ஏன்?" என்று கேட்க முடிந்தால் அந்தக் கூட்டத்தின் போக்கே மாறும். அவரிடம் அந்தக் கேள்வி இல்லாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி மறுபக்கம். பி.காம்., பி.பி.ஏ. படிக்கிறவர்கள் "எங்களுக்கு எதற்கு வேதியியல்" என்று கேட்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021-ல் கொண்டுவந்த வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைப் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கிற பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து இதைக் கட்டாயம் தர வேண்டும். எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எந்தத் தரத்தில் எங்கே விட்டீர்கள், பசுங்குடில் வாயு நேரடியாக எவ்வளவு, வாங்கிய மின்சாரத்தின் வழியாக எவ்வளவு, எந்த வகைக் கழிவு எத்தனை டன் என்று வரிசையாகக் கேட்கிறது. 2023-ல் இதன் மையப் பகுதிக்குப் புறச் சரிபார்ப்பும் வந்துவிட்டது. முதல் 150 நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிகிறது. சரிபார்க்க உட்காருகிறவர்களில் வணிகவியல் படித்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் ஒரு தாள் வருகிறது: சுத்திகரித்த கழிவுநீரின் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அளவு), மாதாமாதம் 28, 28, 27, 28, 28. வரம்பு 30. எல்லாம் வரம்புக்குள். டிக் போட்டுவிடலாம். ஆய்வகத்தில் ஒருமுறையாவது பி.ஓ.டி. பார்த்தவர் டிக் போடமாட்டார். அது உயிரிகளை வைத்துச் செய்கிற சோதனை. நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். ஒரே தண்ணீரை இரண்டு புட்டியில் வைத்தாலே இரண்டு எண் வரும். பன்னிரண்டு மாதமும் நேர்கோடு போட்டதுபோல வந்தால் தண்ணீரைச் சோதித்தார்களா, தாளை நிரப்பினார்களா என்று கேட்கத் தோன்ற வேண்டும். மாதிரி எடுத்தது ஒரே நேரத்திலா, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்ததா? காலை ஆறு மணிக்கு எடுத்தால் ஒரு கதை, கருப்புச் சாயத்தொட்டி திறந்துவிட்டபிறகு எடுத்தால் வேறு கதை. இந்த சந்தேகம் வர பெரிய வேதியியல் தேவையில்லை. பியூரெட்டைப் பிடித்து, முடிவுநிலையைத் தவறவிட்டு, திரும்பச் செய்து பார்த்த ஒரு பருவம் போதும்.

சிக்கல் என்னவென்றால், வணிக மாணவர்களுக்கு அறிவியல் துறைகள் தருகிற நான் மேஜர் எலெக்டிவ் பலவற்றில் ஆய்வகம் கிடையாது. அன்றாட வாழ்வில் வேதியியல் என்று சோப்பு, ஷாம்பு, உரம் பற்றி இரண்டு மணி நேர வகுப்பு, அவ்வளவுதான். அப்படியிருந்தால் துறைத் தலைவரிடம் போய் கேளுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கு நாலைந்து செய்முறை வகுப்பு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கேட்கிற மாணவர்களைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். முடியாது என்றால், தெருக்குழாய், ஆழ்துளைக் கிணறு, கேன் தண்ணீர் மூன்றையும் டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்த திடப்பொருளைக் காட்டும் கருவி) தொடர்ந்து அளந்து குறித்து வையுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் பொதுமக்கள் கொண்டுவரும் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். உங்கள் எண்ணையும் அவர்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளியியலைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் வேண்டும், அலைடாகக் கிடைத்தால் விடாதீர்கள். சட்டத்தைப் பற்றியும் அப்படியே. 1974 நீர்ச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் ஆகியவற்றைப் பேப்பர் இல்லாமலே படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் வணிக மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்: வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தின் பகுதி என்று அதில் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து ஆற்றில் விடுகிற கழிவு, ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் எழுதப்படாத கடன். அதை எப்போது ஒதுக்கீடாக எழுத வேண்டும், எப்போது நிகழக்கூடும் பொறுப்பாகக் குறிப்பிட்டால் போதும் என்பது கணக்கியல் தரநிலை 29-ன் விஷயம். அறிவியல் மாணவர்களும் அந்தத் தரநிலையை ஒருமுறை வாசிப்பது நல்லது.

பெயரிலேயே இரண்டையும் கலந்திருக்கிற பேப்பர்களை ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அவற்றில் நல்லவை உண்டு. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டை, அதாவது மூலப்பொருளிலிருந்து குப்பைவரையான பாதிப்புக் கணக்கை, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து போடவைக்கிற ஆசிரியர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஆனால் அடிப்படை இரண்டும் இல்லாத வகுப்பில் அந்தப் பேப்பர் வரையறைகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. மூன்று தூண்கள், பதினேழு இலக்குகள், நான்கு நன்மைகள், ஐந்து சவால்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். நேர்காணலில், "ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன் டைஆக்சைடு கணக்கில் எடுப்பீர்கள்?" என்றால் விழிக்கிறார்கள். நம் மின்கட்டமைப்புக்குச் சுமார் 0.7 கிலோ, மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நல்ல பேப்பரா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி, பழைய வினாத்தாளைப் பார்ப்பது. கணக்குப் போடவைக்கும் கேள்வி ஒன்றாவது இருந்தால் அது நல்ல பேப்பர். எல்லாம் 'விளக்குக', 'எழுதுக' என்றால் வேறு தேடுங்கள். சிலபஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வினாத்தாள் பொய் சொல்லாது.

இந்த வருடப் பட்டியல்களில் ஒன்று அக்கா மகளுடையது. கோவையில் பி.எஸ்சி. வேதியியல். வணிகவியல் துறை தருகிற எலெக்டிவ் மூன்று: கணக்கியல் அடிப்படைகள், விளம்பரக் கலை, தொழில்முனைவு. "சித்தி, சீனியர்ஸ் எல்லாம் அட்வர்டைசிங்தான் எடுக்கச் சொல்றாங்க. அக்கவுண்டன்சி எடுத்தா டேலி ஆகாம உக்காந்து அழணும்ங்கறாங்க. நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். "டேலி ஆகாதப்ப எங்க தப்புனு தேடறதத்தான் நீ டைட்ரேஷன்லயும் செய்யற, பேசாம எடு" என்றேன். பயம் பேப்பரைப் பற்றியதைவிட மதிப்பெண்ணைப் பற்றியது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகலைச் சேர்க்கைக்கு சதவீதம் வேண்டும், உதவித்தொகைக்கு அரியர் இருக்கக்கூடாது. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையிடம் போய் "கஷ்டமானதை எடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதனால் எப்போதும் ஒரு ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்: கடினமான பேப்பரை, மேஜரில் சுமை குறைவான பருவத்தில் வையுங்கள். மேஜரில் கரிம வேதியியலும் இயற்பிய வேதியியலும் சேர்ந்து வருகிற பருவத்தில் கணக்கியலை நுழைக்காதீர்கள். வகுப்பு நேரம் ஆய்வக நேரத்தோடு மோதுகிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். பாதி மாணவர்கள் விருப்பத்தைக் கைவிடுவது அந்த மோதலால்தான். இணையப் படிப்பைக் கோடை விடுமுறையில் முடியுங்கள். என்.பி.டி.இ.எல்.-இல் படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். கிரெடிட் மாற்றுவார்களா என்று கல்லூரியில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் கணக்கியலை எடுத்திருக்கிறாள். அடுத்த பருவத்து இரண்டாவது எலெக்டிவுக்கு இன்னும் முடிவில்லை. பொருளியல் துறையில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் வைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கிடையில் இன்டெர்னலுக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் தர வேண்டியிருக்கிறது. விடுதியில் ஒரு ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு ரிஜெக்டாக சாக்கடைக்குப் போகிறது, நல்ல தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு அடக்கவிலை என்ன, ரிஜெக்டைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பினால் குழாய்ச் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று போடச் சொல்லியிருக்கிறேன். வார்டன் சம்மதித்துவிட்டார். இயந்திரத்துக்குத் தனி மின்மீட்டர் இல்லை என்பதுதான் இப்போதைய சிக்கல். மோட்டாரின் குதிரைத்திறனையும் ஒரு நாளில் ஓடுகிற நேரத்தையும் வைத்து யூனிட்டைக் கணக்கிடலாம் என்று விடுதி எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் நேரத்தைக் குறித்துவிட்டு எண்களை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.